மெட்ரோநோம் போட்டு வாசிக்கவும்

இது நான் நேரில் பார்த்த விஷயமில்லை. குமாரபாளையத்தில் வீடு வீடாகப் போய்க் கீபோர்டு சொல்லிக்கொடுக்கும் தாரணி தன் கல்லூரித் தோழி சுகந்தியிடம் சொன்னது, சுகந்தி என்னிடம் சொன்னது. இரண்டு வாய் தாண்டி வந்ததில் எங்கேயாவது கொஞ்சம் ஏறியோ இறங்கியோ இருக்கலாம். போனில் எழுதியதும் போனில் வந்ததும் மட்டும் உள்ளது உள்ளபடி, ஏனென்றால் தாரணி அவற்றைச் சுகந்திக்கு அனுப்பியிருந்தாள், நானும் பார்த்தேன். மற்றது ஒரு சனிக்கிழமை முற்பகலில், மாவு மில்லில் மிளகாய் அரைக்கக் காத்திருந்த நேரத்தில் அவள் மனசு ஓடிய ஓட்டம்.

மிளகாய்க்குக் கடைசியில்தான் முறை வரும். பாவாயி அக்காவின் மில்லில் முதலில் பச்சரிசி, பிறகு கோதுமை, ராகி, அப்புறம் மல்லி, எல்லாரும் போன பிறகு மிளகாய். முன்னால் விட்டால் அடுத்தவர் வீட்டு இடியாப்பம் காரமாகிவிடும். ஆகையால் எல்லாருக்கும் முன்னால் தாரணி கொண்டுவந்து வைத்த டின் எல்லா டின்னுக்கும் பின்னால் நின்றது. அவள் மூலையில் அடுக்கியிருந்த காலிச் சாக்குகளின் மேல் உட்கார்ந்து போனைக் கையில் எடுத்தாள். காலை வகுப்புக்கான குறிப்பை இன்னும் எழுதவில்லை. எந்த வகுப்பு முடிந்தாலும் அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் முந்தின வீட்டுக்குக் குறிப்பு போய்விடும், அது அவள் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். மூன்றே வரி. நல்லது, திருத்தம், வீட்டு வேலை. பி.காம். படித்த மூன்று வருஷமும் அவளுடைய விடைத்தாளில் சிவப்பு மையில் ஒரு எண் மட்டும்தான் இருக்கும். அந்த எண் ஏன் கூடவில்லை, ஏன் குறையவில்லை என்று போய்க் கேட்க அவளுக்கு ஒருநாளும் வாய் வந்ததில்லை. வீட்டில் காட்டி விசாரிக்கவும் ஆளில்லை, அந்த வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவளே அவள்தான். நம்மிடம் படிக்கிறவர்களுக்கு அந்தக் குழப்பம் வேண்டாம், எது வந்தது எது வரவில்லை என்று ஒரு வாக்கியமாவது சொல்லிவிடுவோம் என்று ஆரம்பித்தது. எழுத எழுத அவளுக்கே அது பிடித்துப்போனது. ஆறாம் வகுப்பு ஸ்ரீநிகாவுக்கு, ‘நல்லது: சுண்டுவிரல் இப்போதெல்லாம் பயப்படுவதில்லை.’ பல் டாக்டர் வீட்டு அம்மாவுக்கு, ‘திருத்தம்: தப்பு வந்தால் நாக்கைக் கடிக்க வேண்டாம், கடித்தால் விரல் நின்றுவிடுகிறது.’ ஆனால் இன்றைக்கு ‘வையாபுரி ஐயாவுக்கு வணக்கம். நல்லது:’ என்று அடித்துவிட்டு, அந்த இரண்டு புள்ளிக்குப் பக்கத்தில் கோடு மினுங்கிக்கொண்டே இருக்கிறது, ஒன்றும் வரவில்லை.

வையாபுரி ஐயா வகுப்பை நிறுத்திவிடப் போகிறார். காலையில் சொல்லிவிட்டார். “டீச்சருங்க, இந்த மாசத்தோட நிறுத்திக்கறனுங்க. தாளம் நமக்கு வரலீங்க. நாளைக்குத் தங்கச்சி வர்றா, அவ பேத்திக்கு இந்தப் பொட்டியக் குடுத்து விட்டர்றேன். சின்னப் புள்ளைக்காச்சும் ஆவட்டும்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார், அவள், “அப்படியெல்லாம் இல்லீங்க ஐயா” என்று சொல்லிக்கொண்டே பையை எடுத்தாள். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. தங்கை வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டால் அப்புறம் எழுதி என்ன, எழுதாவிட்டால் என்ன. ஐம்பத்தேழு வயது. சொந்தமாக நாலு விசைத்தறி போட்டு ஓட்டியவர், போன வருஷம்தான் நாலையும் பழைய இரும்பு விலைக்குப் போட்டார். “தறி போனதுக்கப்பறம் கை சும்மா கெடக்க மாட்டேங்குதுங்க” என்று சொல்லித்தான் முதல் நாள் சேர்ந்தார். வகுப்புக்கென்று இஸ்திரி போட்ட சட்டை போடுவார். கீபோர்டின் மேல் விரித்த துண்டை, தூங்குகிற குழந்தையின் மேலிருந்து எடுப்பதுபோல எடுப்பார். ஓடுகிற தறியில் அறுந்த இழையைப் பிடித்து முடிச்சுப் போட்ட விரல்கள், அதனால் எந்தக் கட்டைக்கு எந்த விரல் என்று ஒரு தடவை காட்டினால் போதும், மறக்காது. அவருக்காகவே அவள் ஒரு சின்ன மெட்டுப் போட்டுக்கொடுத்தாள், நடுவில் கொஞ்சம் மேலே ஏறித் திரும்புகிற மெட்டு. அதைத் தனியாக வாசிக்கும்போது விரல் அத்தனை சுத்தம். தாளம்தான். தாளம் மட்டும்தான். போனில் டிக் டிக் என்று தாளம் எண்ணுகிற மெட்ரோநோமை ஓடவிட்டால் போதும், பாவம், ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு மயிரிழை பின்னாலேயே வருவார், ஓடிப்போய் பஸ்ஸைப் பிடிக்கிறவர் மாதிரி.

“என்ன அம்மிணி, போனையே மொறைச்சிட்டு ஒக்காந்திருக்கற? மாப்பிள்ளையா?” பாவாயி அக்கா மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தினாள், இமையெல்லாம் மாவு. “இல்லீங்க்கா, ஸ்டூடன்ட்டுக்கு எழுதறேன்.” “எத்தினி வயசு ஸ்டூடன்ட்டு?” “அம்பத்தேழு.” “அட நாசமே! அதுக்கா இந்த மொறைப்பு?” என்று அவள் சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்ற ரெண்டு பேரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். தாரணிக்கும் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. மேலே தள்ளித் தள்ளிப் பழைய குறிப்புகளைப் பார்த்தாள். ‘மெட்ரோநோம் போட்டு வாசிக்கவும்.’ அதற்கடுத்த வாரம், ‘மெட்ரோநோமை முந்தவோ பிந்தவோ வேண்டாம்.’ அதற்கடுத்த வாரம், ‘வாசிக்கும்போது போனைப் பார்க்க வேண்டாம், கண் கட்டைகளில் இருக்கட்டும்.’ பிறகு மறுபடி, ‘மெட்ரோநோம் போட்டு வாசிக்கவும்.’ ஒவ்வொன்றுக்கும் கீழே அவர் அனுப்பிய இரண்டு கூப்பிய கைகள். மறுத்து ஒரு வார்த்தை இல்லை. போனைப் பார்க்க வேண்டாம் என்று சொன்னதற்கப்புறம்தான் ரொம்ப மோசமாகப் போனது, அதுவரை ஒரு மயிரிழை பிந்தியவர் அதற்கப்புறம் எங்கெங்கோ போனார், டிக் ஒரு பக்கம் போகும், அவர் ஒரு பக்கம் போவார். வீட்டில் பழகுவதில்லையோ என்றுகூட அவள் ஒருநாள் நினைத்தாள். அப்படி நினைத்தது இப்போது எங்கோ குத்துகிறது. பழகாதவர் கட்டைகளின் மேல் அத்தனை வழவழப்பு எப்படி வரும்.

அவள் முறைக்கு முன்னால் மல்லி கொண்டுவந்திருந்த ஒரு பெண்ணுக்குச் சாக்கின் வாயைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது, தாரணி போனைப் பைக்குள் போட்டுப் பையைச் சாக்கடுக்கின் மேல் வைத்துவிட்டுப் போய்ப் பிடித்தாள். மல்லியின் சூட்டு வாசனை முகத்தில் ஏறியது, பெல்ட் பட்டு பட்டு என்று அடித்துக்கொண்டு சுற்றியது, அந்த அடி தரை வழியாக வந்து அவள் குதிகாலில் ஏறியது. அவள் கால் தானாக அதற்குத் தாளம் போட்டது. நான் கேட்டுத்தான் போட்டேனா, கால் கேட்டதா என்று நினைத்தாள். திரும்பி வந்து போனை எடுத்தால் அம்மா ரெண்டு தரம் கூப்பிட்டிருக்கிறாள். கைக்கெட்டும் தூரத்தில், முழுச் சத்தத்தில், குருவி மாதிரிக் கத்துகிற ரிங்டோன், ஒன்றுகூடக் காதில் விழவில்லை. பெல்ட் விழுந்தது, குருவி விழவில்லை. கனமான சத்தம் வந்தது, மெல்லிய சத்தம் வரவில்லை. அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

கரண்டு. காலையில் கரண்டு போயிற்றே. ஐயா நிறுத்திக்கறனுங்க என்று சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில் போயிற்று, தெருவில் ஓடிக்கொண்டிருந்த தறிகளெல்லாம் ஒரே மூச்சில் நின்றன, இருட்டுக் கூடத்தில் அவள் காலால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அழுகை வந்துவிடக்கூடாதே என்கிற ஒரே கவலை. அப்போது பின்னால் அவர் வாசித்தார். கீபோர்டுக்குள் பேட்டரி இருந்தது. போன் அவள் பையில் இருந்தது, டிக்கெல்லாம் இல்லை. கொல்லையில் ஐயாவின் வீட்டம்மா சரோஜாம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தார், கல்லில் அடிக்கிற சத்தம், தொப், தொப், தொப். மெட்டின் ஒவ்வொரு முதல் அடியும் அந்தத் தொப்பின் மேல் போய் உட்கார்ந்தது. அப்போது அவளுக்கு அது உறைக்கவில்லை. இப்போது, மல்லித் தூள் மூக்கில் ஏறி நிற்கிற இந்த நிமிஷத்தில், காது அதைத் திருப்பிக் கொடுக்கிறது, முதலிலிருந்து கடைசி வரைக்கும். ஓரிடத்தில்கூடப் பிந்தவில்லை. சரோஜாம்மா நடுவில் நிறுத்தித் துணியைத் திருப்பிப் போட்டபோது அவரும் காத்திருந்து சேர்ந்துகொண்டார். தாளம் வராத மனிதரா அவர்? முப்பது வருஷம் நாலு தறியை ஒரே நேரத்தில் கேட்டு, எந்தத் தறியில் இழை அறுந்தது என்று சத்தத்தை வைத்தே திரும்பிய மனிதருக்கா தாளம் வராது? டிக் அவருக்குக் கேட்கவில்லை. கேட்கவே இல்லை. போனில் மினுங்குகிற அந்தச் சின்னப் பொட்டு வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்து வாசித்திருக்கிறார், கண்ணில் பட்டு விரலுக்கு வருவதற்குள் ஒரு மயிரிழை பிந்தத்தானே செய்யும், அந்த மயிரிழையைத் திருத்துகிறேன் பேர்வழி என்று நான்தான் ‘போனைப் பார்க்க வேண்டாம்’ என்று எழுதினேன். இருந்த ஒரே பிடியையும் பிடுங்கிவிட்டு, கூடவே ‘கண் கட்டைகளில் இருக்கட்டும்’ என்று புத்திமதி.

எப்படித் தெரியாமல் போனது. வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா. அவர் பேசும்போது எப்போதும் அவள் வாயையே பார்ப்பார், எவ்வளவு கவனமான மாணவர் என்று அவள் பெருமைப்பட்டுக்கொண்டாள். அவள் குனிந்து கட்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னது எதற்கும் அவர் பதில் சொன்னதில்லை. தறிக்குடோனில் யாரும் காதால் பேசிக்கொள்வதில்லை, அந்த இரைச்சலில் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு, அப்பாவும் அப்படித்தான், கூலிக்குத் தறி ஓட்டிய அப்பா, இன்றைக்கும் அம்மா அடுப்படியிலிருந்து பேசினால், “இங்க வந்து சொல்லு” என்பார். வீட்டு அழைப்புமணி குருவிச் சத்தம், சித்தப்பா வந்து அரைமணி நேரம் வாசலில் நின்றார், உள்ளே அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அதை அந்தச் சித்தப்பா ஒரு கல்யாணப் பந்தியில் எடுத்துவிட்டார், “இவனுக்கு மைக்கு வெச்சுத்தான் சொல்லோணும், இல்லீன்னா பாயசம் வந்ததுகூடத் தெரியாது.” பந்தியே சிரித்தது. அப்பாவும் சிரித்தார், எதற்கென்று தெரியாமல் ஒரு நொடி பிந்திச் சிரித்தார், பிறகு பக்கத்து ஆள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். அதற்கப்புறம் அப்பா எந்தக் கல்யாணத்திலும் பந்திக்கு நின்றதில்லை. மொய் வைத்துவிட்டு வந்துவிடுவார். ஒரு தரம் அவள், “அப்பா, காது டாக்டரைப் பார்க்கலாமா” என்று கேட்டதற்கு, “எவன் சொன்னான் எனக்குச் செவுடுன்னு” என்று எழுந்து போனவர் மூன்று நாள் பேசவில்லை. இப்போது அதே கேள்வியை வையாபுரி ஐயாவுக்கு எழுத வேண்டும். ‘ஐயா, உங்களுக்குக் காது’ என்று அடித்தாள். அழித்தாள். ‘ஐயா, தவறாக நினைக்க வேண்டாம்’ என்று அடித்தாள். தவறாக நினைக்க வேண்டாம் என்று ஆரம்பித்தாலே நினைத்துவிடுவார்கள், அழித்தாள். ஒன்றுமே சொல்லாமல், ‘உங்களுக்குத் தாளம் நன்றாக வருகிறது, நிறுத்த வேண்டாம்’ என்று மட்டும் எழுதிவிட்டால்? நம்ப மாட்டார். இத்தனை வாரம் திருத்தம் திருத்தம் என்று எழுதிவிட்டு, நிறுத்துகிறேன் என்றதும் நல்லது என்றால், வகுப்பு போய்விடுமே என்று பொய் சொல்கிறாள் என்றுதான் நினைப்பார். உண்மையைச் சொன்னால் அப்பா மாதிரி எழுந்து போய்விடுவார், சொல்லாவிட்டால் நாளைக்குப் பெட்டி போய்விடும்.

அப்புறம் இன்னொன்று, அதை நினைக்கக்கூடாது என்று தள்ளிவைத்தது, அதுவும் மாவு மாதிரி எங்கிருந்தோ வந்து படிந்தது. அவளுடைய தொட்டிலும் தறிக்குடோனில்தான் ஆடியது. அம்மா அங்கே தறி நாடாவுக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தாள், உத்தரத்தில் பழைய சேலையைக் கட்டி அதில் இவளைப் போட்டிருந்தாள். “தறி நின்னாத்தான் நீ அழுவ, ஓடுச்சுன்னா தூங்கிருவ” என்று அம்மா இன்றைக்கும் சிரித்துக்கொண்டு சொல்வாள். கடைசியாகச் சில்வண்டுச் சத்தம் எப்போது கேட்டேன்? யோசித்தாள். போன மழைக்குச் சுகந்தி ஊருக்குப் போயிருந்தபோது சுகந்தி, “ஐயோ, இந்தச் சத்தத்துல எப்படித்தான் தூங்கறதோ” என்றாள், எந்தச் சத்தம் என்று இவள் கேட்கவில்லை, ஆமாம் என்று சொல்லிவிட்டாள். ஏன் ஆமாம் என்றேன். கேட்டதா, கேட்டது மாதிரி இருந்ததா. கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறவளுக்குக் காது போனால் என்ன மிச்சம். இல்லை, இப்போது அதுவல்ல, இப்போது ஐயா. ஆனால் அது விடவில்லை. அவருக்கு ‘நீங்கள் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்’ என்று எழுத இருந்த விரல் அங்கேயே நின்றது. நான் போகாத இடத்துக்கு அவரைப் போகச் சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது. பயமாக இருக்கிறது என்றுதானே நானும் போகவில்லை. அப்பாவும் அதனால்தானே போகவில்லை. கோபம் என்று நாங்கள் நினைத்தது அதுதானோ.

மல்லிக்காரப் பெண் காசு கொடுத்துவிட்டுப் போனாள். தாரணி உட்கார்ந்து, நிறுத்தாமல் அடித்தாள். நான் பார்த்தது இது:

‘வையாபுரி ஐயாவுக்கு வணக்கம். நல்லது: இன்று கரண்டு போன பிறகு நீங்கள் வாசித்தீர்களே, சரோஜாம்மா துணி துவைத்த சத்தத்துக்கு, அதில் தாளம் ஓரிடத்தில்கூடத் தப்பவில்லை. உங்களுக்குத் தாளம் வரும். திருத்தம்: இது எனக்கு. மெட்ரோநோம் போடும் டிக் சத்தம் உங்களுக்கு எட்டுகிறதா என்று நான் ஒருநாளும் விசாரிக்கவில்லை. விசாரிக்காமல், போனைப் பார்க்க வேண்டாம் என்று வேறு எழுதிவிட்டேன். அது என் தப்பு, மன்னிக்கவும். வீட்டு வேலை: கீபோர்டை நாளை கொடுக்க வேண்டாம். அடுத்த வகுப்பில் நான் மேசையைத் தட்டுகிறேன், அதற்கு வாசியுங்கள். நான் தறிக்குடோனில் வளர்ந்த பிள்ளை, என் காதைப் பரிசோதித்துக்கொள்ள எனக்கு ரொம்ப நாளாகப் பயம். இந்த மாதம் போகலாம் என்றிருக்கிறேன். நீங்களும் துணைக்கு வந்தால் தைரியமாக இருக்கும்.’

துணைக்கு என்ற சொல்லை ஒரு தடவை அழித்தாள். தந்திரம் மாதிரி இருக்கிறதோ என்று பட்டது. யோசித்துப் பார்த்தாள். தந்திரமில்லை, தனியாகப் போக உண்மையிலேயே பயம்தான். மறுபடி அடித்து, அனுப்பினாள். இரண்டு நீலக் கோடு வந்தது. கூப்பிய கை வரவில்லை. பாவாயி அக்கா மெஷினைத் துடைத்து முடிக்கிற வரைக்கும் அவள் திரையையே பார்த்திருந்தாள். பார்த்துவிட்டார். பார்த்துவிட்டுப் போனைக் கீழே வைத்துவிட்டார். துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார், மூன்று நாள் பேச மாட்டார், அல்ல, என்றைக்குமே. “அம்மிணி, உன்ற டின்ன எடு” என்றாள் பாவாயி அக்கா, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு. அதே நேரத்தில் போன் கையில் அதிர்ந்தது. குரல் பதிவு. தாரணி டின்னை அவளிடம் தள்ளிவிட்டு ரோட்டுக்கு ஓடினாள், வேப்பமரத்தடியில் நின்று போனைக் காதில் வைத்தாள், உடனே தள்ளிப் பிடித்தாள், ஐயா அத்தனை சத்தமாகப் பேசியிருந்தார்.

“டீச்சருங்க! அது சத்தம் வேற போடுமுங்களா? நான் வெறுமனே லைட்டு மினுங்கற சமாச்சாரம்னுல்லங்க நெனச்சிட்டிருந்தேன்! நீங்க அதையும் பாக்காதீங்கன்னு எழுதுனீங்க. பாக்காமயே உள்ளுக்குள்ளருந்து தாளம் வர்றது பெரிய ஞானஸ்தருக்குத்தான், நமக்கெங்க வரும்னுதாங்க பொட்டியக் குடுத்தரலாம்னேன். இப்ப என்ற பேரன் வூட்டுக்காரி போன்ல வீடியோவுல வந்தானுங்க, அதை ஒரு தரம் போட்டுக் காட்டுனேன், ‘தாத்தா, டிக்கு டிக்குன்னு கேக்குதே’ங்கறான். எனக்குச் சிரிப்பாணி தாங்கலீங்க.” நடுவில் சரோஜாம்மாவின் குரல் தூரத்தில், “ஏனுங்க, டாக்டர்கிட்டப் போலாம்னு சொல்லுங்க, சிரிச்சுட்டே ஏமாத்தாதீங்க.” மறுபடி அவர், கொஞ்சம் தணிந்து, “பாக்கலாமுங்க. நீங்க பயப்படாதீங்க, டீச்சர். நான் வர்றேன். தங்கச்சி பேத்திக்கு ஒரு பொம்மை வாங்கிக் குடுத்தரலாம்.”

தாரணி அதை ரோட்டில் நின்று மூன்று தரம் கேட்டாள். உள்ளே மிளகாய் விழ ஆரம்பித்திருந்தது, நெடி வாசலைத் தாண்டி வந்து கண்ணைப் பிடித்தது, அழுவதற்கு அது நல்ல சாக்காகவும் இருந்தது. நிம்மதியாக இருக்கலாம். மனசு இருக்க விட்டால்தானே. டிக் கேட்கவில்லை என்றால் மற்றது? அவருக்காகப் போட்ட அந்த மெட்டு மேலே ஏறித் திரும்புகிற இடத்தில் எப்போதும் லேசாகச் சிரிப்பாரே, அது கேட்டுச் சிரித்ததா, விரல் சரியாகப் போய்ச் சேர்ந்ததற்குச் சிரித்ததா? இத்தனை மாதமும் தனக்குக் கேட்காத ஒன்றையா அந்த மனிதர் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்து வாசித்தார்? இதை எந்தக் குறிப்பில் எழுதிக் கேட்பது. கேட்கவில்லை. சூடான தூளை டின்னில் அள்ளி மூடி, முந்தானை மாதிரித் துப்பட்டாவை மூக்கில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அடுத்த வகுப்பு நடந்தது, மேசையைத் தட்டினாள், வாசித்தார். அப்போதும் கேட்கவில்லை. சுகந்தியிடம் இதைச் சொன்னபோதும் அந்த ஒன்று மட்டும் அவளுக்குத் தெரியாமலேதான் இருந்தது.

எனக்கும் அது மனசில் கிடந்தது. பிறகு காது பரிசோதனை செய்கிற ஒருவரிடம் விசாரித்தேன். நாள்பட்ட பேரிரைச்சல் பெரும்பாலும் முதலில் பறிப்பது நொடிக்கு நாலாயிரம் அதிர்வுகளை ஒட்டிய, டிக் போன்ற மெல்லிய கூர்மையான சத்தங்களைத்தான் என்றார். வருஷம் ஆக ஆக அது கீழேயும் இறங்கலாம், ஆளைப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றும் சொன்னார். ஐயாவுடையது மாதிரி அறுபத்தோரு கட்டை உள்ள கீபோர்டில், எல்லாவற்றிலும் உச்சமான வலது ஓரத்துக் கடைசிக் கட்டை நொடிக்கு ஏறக்குறைய இரண்டாயிரத்துத் தொண்ணூறு அதிர்வுகள்தான். தாரணியின் மெட்டு அந்தக் கட்டைக்கு வெகு முன்னாலேயே திரும்பிவிடுகிறது.